ஊதக்கூடாத ஜெட்

என் மேசை இழுப்பறையில், காலி மாத்திரை டப்பா ஒன்றுக்குள் ஒரு பித்தளை ஜெட் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. கார்புரேட்டருக்குள் உட்காரும் பாகம். அதன் நடுவில் உள்ள துளைதான் எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் போகவேண்டும் என்று தீர்மானிக்கும். அந்தத் துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. தொலைக்க ஒரு நொடி போதுமானதாக இருந்தது. திரும்ப என் கைக்கு வர ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடத்துக்குக் காரணம் எங்கள் ஸ்டோர் மேடம்.

அன்னவாசல் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஒர்க்‌ஷாப் பார்த்துக்கொள்பவன். அவர் வேதியியல் ஸ்டோருக்குப் பொறுப்பு. கடைசி வருட மாணவர்கள் ஒரு குட்டிப் பந்தய வண்டி கட்டினார்கள். பழைய பைக் எஞ்சின்தான், ஆனால் பெட்ரோலுக்குப் பதில் மெத்தனாலில் ஓட வேண்டும். மெத்தனால் என்றாலே நம் ஊரில் விஷச் சாராயச் செய்திதான் ஞாபகத்துக்கு வரும். அனுமதி வாங்கி, பூட்டிய அலமாரியில் வைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து ரிஜிஸ்டரில் எழுதித்தான் மேடம் தருவார். தந்துவிட்டுப் போகவும் மாட்டார். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டு தீரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது என்பார்.

பெட்ரோல் போவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மெத்தனால் போனால்தான் எஞ்சின் ஓடும். ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினேன். வண்டி கிளம்பியது, நூறடியில் நின்றது. மேலே எரிபொருளை உள்ளே விடும் மிதவை வால்வின் வழி பழைய அளவிலேயே இருந்தால் கீழே துளை பெரிதாகி என்ன பயன்? இது உறைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பிறகு ஜெட் ஜெட்டாகக் கெடுத்து, ஒன்பதாவதில் எஞ்சின் மணி மணியாகப் பேசியது. சித்திரை வெயிலில் கார்புரேட்டரின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. மெத்தனால் அவ்வளவு குளிர்ச்சி. மேடம் தொட்டுப் பார்த்துவிட்டு, "சளி புடிச்ச மூக்கு மாதிரில்ல இருக்கு" என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த ஒரே நாள் அது என்று நினைக்கிறேன்.

மற்ற நாளெல்லாம் சண்டைதான். ஜெட் அடைத்தால் வாயில் வைத்து ஊதுவது மெக்கானிக்குகளின் வழக்கம். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாக வாய்க்குப் போகும். மெத்தனால் உடம்புக்குள் போனால் கண் போகும், உயிரும் போகும் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? மேடம் ஒரு சைக்கிள் பம்பை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து, "இதுலதான் அடிக்கணும்" என்றார். இத்தனை வருசம் ஊதியவனுக்கு எதுவும் ஆகவில்லையே என்றேன். "ரிஜிஸ்டர்ல இருக்கறது எங்கையெழுத்து. ஒங்க வாய்க்கும் சேத்துத்தான் போட்ருக்கேன். எங்கிட்டுப் போனாலும் பம்பு வரும், நானும் வருவேன்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

திருமயம் பக்கத்தில் ஒரு கல்லூரித் திடலில் போட்டி. வண்டி பந்தயத்தை முடிக்காவிட்டால் மெத்தனால் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று எங்கள் கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். அத்தோடு எங்கள் இரண்டு மாதமும் போய்விடும். அப்படிப்பட்ட நாளுக்கு முந்தைய மாலை, ஓட்டம் முடிந்ததும் கார்புரேட்டரைப் பெட்ரோல் விட்டு அலச மறந்திருந்தேன். அலசாவிட்டால் மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும். பந்தயத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி கிளம்பவில்லை. கழற்றினால் ஜெட் முழுக்க வெள்ளைக் கூழ்.

மேடம் கையெழுத்துப் போட போட்டி நடத்துபவர்களின் மேசைப் பக்கம் போயிருந்தார். பம்பு இருந்த மஞ்சள் பையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெட் உதட்டைத் தொடப்போன நேரம், பளாரென்று கையில் ஓர் அடி. ஜெட் பறந்தது. "அறிவு இருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினார் மேடம். எனக்குத் தலைக்கேறியது. "போச்சு, எல்லாம் போச்சு. சந்தோசமா?" என்று நானும் கத்தினேன். எல்லோரும் மணலில் தேடினோம். ஒரு பையன் காந்தம் கொண்டுவந்தான். "பித்தளை காந்தத்துக்கு வராதுப்பா" என்று, மண்டியிட்டு மணலைக் கையால் சலித்துக்கொண்டே மேடம் சொன்னார்.

வண்டி ஓட்டவேண்டிய மாணவி கட்டுமாவடிக்காரி, படகு எஞ்சின் பார்த்து வளர்ந்தவள். "சார், தேடுனது போதும். பழைய சின்ன ஜெட்டு இருக்குல்ல, அதைப் பெருசாக்குங்க" என்றாள். சன்னமான டிரில் பிட்டை விரலில் பிடித்துத் திருகினேன். மேடம் பம்பால் காற்றடித்துப் பித்தளைத் தூளை எடுத்தார். துளை கொஞ்சம் கூடிப்போனது. மற்றவர்கள் மூன்று சுற்று போன பிறகு எங்கள் வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது, இருமிக்கொண்டே கடைசியாக வந்தது. ஆனால் முடித்தது. அனுமதியும் தங்கியது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் மேடத்தோடு நான் பேசவில்லை. ஆனால் பம்பை மட்டும் ஒர்க்‌ஷாப் ஆணியில் அவரே மாட்டிவிட்டுப் போயிருந்தார். முதலில் அவருக்குப் பயந்து எடுத்தேன். போகப்போக அவர் லீவில் இருந்த நாளிலும் கை அந்த ஆணிக்குப் போனது.

அவர் ஓய்வு பெற்ற அன்று ஸ்டோருக்குக் கூப்பிட்டார். ஒரு காகித மடிப்பைப் பிரித்தார். என் ஜெட். வெள்ளைக் கூழ் காய்ந்து அப்படியே இருந்தது.

"அன்னைக்கிச் சாயங்காலமே கெடைச்சிருச்சு. மஞ்சப் பைக்குள்ளதான் விழுந்து கெடந்துச்சு."

"ஆறு வருசமா வச்சிருந்தீங்களா?" எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"அன்னைக்கே குடுத்துருந்தா மறுபடி வாயிலதான் வச்சிருப்பீங்க. இப்ப வைக்க மாட்டீங்க, பாத்துட்டேன். அதான் தாரேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. போட்டிக்குப் பிந்தைய முதல் வருடத்திலேயே, அவர் இல்லாத நேரம் பார்த்து இரண்டு முறை ஊதியிருக்கிறேன். அவருக்கு அது தெரியுமா என்று இன்றுவரை கேட்கவில்லை. அவர் ரிஜிஸ்டரைத் திருப்பி, 'பித்தளை ஜெட் ஒன்று' என்று எழுதி என் பக்கம் நகர்த்தினார்.

"வாங்கிக்கிட்டேன்னு போடுங்க. இனிமே ஒங்க வாய்க்கு நீங்கதான் கையெழுத்து."

போட்டேன். கண் கலங்கி எழுத்து கோணிப்போனது.

இப்போது மாணவர்கள் பேட்டரி வண்டி கட்டுகிறார்கள். இன்று இழுப்பறையைத் துடைக்கும்போது ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். துளையில் தூசி. அறையில் யாருமில்லை. எழுந்து போய் ஆணியிலிருந்து பம்பை எடுத்து வந்தேன்.