முட்டத்துக் கடலுக்கு மெதுவாகப் போனோம்

கூடத்தின் நடுவில் அத்தான் ஒரு சாலை வரைபடத்தை விரித்துப் போட்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, மில்லிலிருந்து கொண்டுவந்த எடைக்கற்களை நான்கு மூலைகளிலும் வைத்திருந்தார். காரைக்குடியிலிருந்து தெற்கே ஒரு சிவப்புப் பென்சில் கோடு இறங்கி, கன்னியாகுமரியைத் தொட்டு, மேற்குக் கரையோரமாகத் திருவனந்தபுரம் வரை ஓடியது. சட்டையில் ஒட்டியிருந்த உமித்தூசியைக்கூடத் தட்டாமல், முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

“மொத நாள் மதுரை. கோயிலும் மகாலும் மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவோம். சாயங்காலம் திருநெல்வேலி. மறுநாள் விடிஞ்சதும் கன்னியாகுமரி, அப்படியே பத்மநாபபுரம், ராத்திரிக்குத் திருவனந்தபுரம். மூணாம் நாள் வீட்டுல இருப்போம்.”

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானென்ன நெல்லு மூட்டையா? ஊருக்கு ஊரு இறக்கி ஏத்திக்கிட்டே போகப் போறீகளா?”

அத்தான் கோட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வீட்டில் சிரிப்பு அதிக நேரம் தங்காத காலம் அது.

எழுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். நான் அப்போது பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்து, அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன். அத்தானுக்குப் பக்கத்து ஊரான புதுவயலில் அரிசி மில். விடியுமுன் கிளம்பிப் போவார். சாப்பிட வந்தால் காரின் எஞ்சினை அணைக்காமலே வாசலில் நிறுத்துவார். வீட்டு முனை திரும்பும்போதே ஹாரன் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு இலை போட்டுவிட வேண்டும். உட்கார்ந்து பேசுவதென்பது அவருக்குக் கைவராத காரியம். நின்றுகொண்டே பேசுவார், நடந்துகொண்டே கணக்குக் கேட்பார்.

அக்காவுக்கு இருதய நோய். சிறுமியாக இருந்தபோது மூட்டு வீங்கிக் காய்ச்சலில் பல வாரம் கிடந்தாள். அது போய்விட்டதாகத்தான் எங்கள் வீட்டில் நினைத்திருந்தார்கள். போகும்போது இருதயத்தின் கதவு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது என்பது கல்யாணத்துக்குப் பிறகு, வயிற்றிலிருந்த குழந்தை தங்காமல் போனபோதுதான் தெரிந்தது. வருடத்துக்கு வருடம் மூச்சிரைப்பு கூடியது. மாடிப்படி ஏறுவது முதலில் நின்றது, பிறகு கோயிலுக்குப் போவது, பிறகு அடுப்படியில் நிற்பது. மதுரை டாக்டர், வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, தள்ளிப்போடத் தள்ளிப்போட அது குறையும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அக்கா மாட்டேன் என்றாள். கெஞ்சியும் கோபித்தும் பார்த்தாயிற்று. “நெஞ்சைத் தொறந்து பாத்துட்டு, முடியலைன்னு மூடி அனுப்புவாக. அந்த மேசையில கண்ணை மூடுறதுக்கு இந்தக் கட்டில்லயே மூடிட்டுப் போறேன்” என்பாள். அதற்கு மேல் யார் பேசினாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அப்படி இருந்தவள்தான் ஒருநாள் தானாகவே அந்த ஆசையைச் சொன்னாள். மதுரையையும் பத்மநாபபுரத்து அரண்மனையையும் பார்க்க வேண்டும். பாறையில் மோதுகிற கடலைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தெரிந்த கடல் தொண்டிக் கடல்தான். காற்றில்லாத நாளில் அது ஒரு பெரிய கண்மாய்போல அசையாமல் கிடக்கும். காலண்டர் படத்தில் கண்ட, ஆள் உயரத்துக்கு எழும்பி உடைகிற அலை நிஜமாகவே உண்டா என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம்.

அவள் கேட்ட மாத்திரத்தில் அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊர் சுற்றினால் மனசு மாறும், திரும்பி வந்து வேலூருக்குச் சம்மதிப்பாள் என்பது அவர் கணக்கு. அக்காவின் கணக்கு வேறு. இதைப் பார்த்துவிட்டால் போதும், வேலூர்ப் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாமல், இருவரும் ஒரே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரிடம் கேட்டோம். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரே மூச்சில் நெடுந்தூரம் போகக் கூடாது, மத்தியானம் படுத்தே ஆக வேண்டும், படி ஏறக் கூடாது, மாத்திரை தவறக் கூடாது என்றார். அத்தான் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். மதுரையில் இரண்டு ராத்திரி. திருநெல்வேலியில் ஓய்வுக்கு ஒரு நாள். பிறகு நாகர்கோவிலில் அவருக்குப் பழக்கமான அரிசி வியாபாரியின் வீட்டில், படி ஏறத் தேவையில்லாத கீழ் அறை. அங்கேயே தங்கி அரண்மனைக்கும் கடலுக்கும் போய் வருவது. திருவனந்தபுரம் விட்டுப்போயிற்று. “ஒரு நாளைக்கு ஒண்ணு பாத்தாப் போதும்” என்றாள் அக்கா. மில்லை அத்தனை நாள் மேஸ்திரியிடம் விட்டுவிட்டு வருவதற்கு அத்தான் எவ்வளவு பாடுபட்டார் என்பதை, கிளம்பும் நாளன்று காரில் ஏறிய பிறகும் மூன்று தடவை இறங்கிப்போய் ஏதோ சொல்லிவிட்டு வந்ததில் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் நாயக்கர் மகாலுக்குப் போனோம். அக்கா உள்ளே நுழைந்ததும் முதல் தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையை அண்ணாந்து, தூண் எங்கே போய் வளைவாக மாறுகிறது என்று பார்த்தபடியே இருந்தாள். அத்தான் வேகநடையில் மகாலைச் சுற்றிவிட்டு வந்து நின்றார்.

“பாத்தாச்சா? கிளம்புவோமா?”

“ஒரு தூணைப் பாத்திருக்கேன். இன்னும் பாத்து முடியலை. இங்குட்டு உக்காருங்க.”

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். முதலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், தூணில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிப்போயிருந்தார். எழுப்பப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டாள். “விடுடி. மில்லு வச்ச நாள்லேருந்து அவுக பகல்ல கண்ணை மூடிப் பாத்ததில்லை.” அன்று அவள் மகாலைப் பார்த்தது கொஞ்சம்தான். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நரை எப்போது வந்தது என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

பத்மநாபபுரத்தில் அவள் மாடிகளுக்கு ஏறவில்லை. கறுப்புக் கண்ணாடிபோல் மின்னிய தரையில், மரச்சன்னல் வழியே விழுந்த வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டில் எப்படி இருந்தது, உத்தரத்தில் செதுக்கியிருந்த பூ எத்தனை விதம் என்று, நெல்லுக்குத் தரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டோமென்று தோன்றினால் மறுபடி ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள், மீனவர் ஊரான முட்டம். கார் நின்ற மேட்டிலிருந்து பார்த்தால் கடற்கரை முழுவதும் பெரிய பெரிய பாறைகள், யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல. அலை தூரத்தில் சாதாரணமாகத்தான் கிளம்பியது. பாறையை நெருங்கியதும் எழும்பி, வெள்ளையாகச் சிதறி, இடிபோல ஒரு சத்தம் போட்டது. அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். “ஒண்ணுமில்லடி. இதுவும் துடிக்குது, அதுவும் துடிக்குது” என்றாள்.

மறுநாளும் அங்கேயே போக வேண்டுமென்றாள்; அதற்கு மறுநாளும். கன்னியாகுமரியும் விட்டுப்போயிற்று. அந்த மூன்றாவது மாலையில்தான், கடல் தண்ணீர் காலில் பட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கேட்டது என்னைத்தான். பாறைகளில் இறங்க அவளால் முடியாது. அத்தான் காரிலிருந்த குடிதண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

கடலின் வேகம் தெரியாத ஊர்க்காரர். கடைசிப் பாறையில் குத்தவைத்துச் செம்பை நீட்டினார். பக்கவாட்டிலிருந்து வந்த அலையை நாங்கள் பார்த்தோம், அவர் பார்க்கவில்லை. வெள்ளையாக எல்லாம் மறைந்தது. வடிந்தபோது பாறைமேல் யாருமில்லை.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. அக்கா ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. அடுப்படிக்கு நடக்க இரண்டு இடத்தில் நின்று போகிறவள், அந்தச் சரிவில் பாறைக்குப் பாறை தாவி ஓடினாள். நான் பின்னால் ஓடியும் அவளைப் பிடிக்க முடியவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் அதற்குள் இறங்கி, பாறை இடுக்கில் கையைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தவரை இழுத்து மேலே போட்டார்கள். நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா விழுந்தாள்.

உதடு நீலமாகிவிட்டது. மூச்சு உள்ளே போகாமல் தொண்டையிலேயே நின்று இழுத்தது. படுக்க வைக்கப் போன என்னைத் தள்ளிவிட்டு, அத்தான் அவளைத் தூக்கித் தன் நெஞ்சின்மேல் சாய்த்து நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டார். ராத்திரிகளில் அப்படி எத்தனை தடவை வைத்திருந்தாரோ, கை தானாகச் செய்தது. அவர் ரத்தமும் கடல் தண்ணீரும் அவள் தோளில் சொட்டின. மெல்ல மெல்ல மூச்சு இறங்கி நடக்க ஆரம்பித்தது.

அவள் கண் திறந்து முதலில் சொன்னது, “செம்பு போயிருச்சா?” என்பதுதான்.

“போனாப் போகுது புள்ள.”

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். “உங்களைக் காணோம்னதும் எனக்கு ஒரு பயம் வந்துச்சே, அது உங்களுக்குத் தெனமும் வருதா?”

அத்தான் கடலைப் பார்த்தார்.

“மில்லு ஓடுறப்பத் தெரியாது. நின்னாத் தெரியும்” என்றார்.

அத்தனை வருடம் அவர் உட்காராததற்கும், வாசலில் எஞ்சினை அணைக்காததற்கும் மில்லின்மேலிருந்த பித்துதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிரில் தங்கை இருக்கிறாளே என்று பார்க்கவில்லை. “வேலூருக்கு எழுதிப் போடுங்க” என்றாள்.

அந்த வருட மழைக்காலத்தில் வேலூர் போனோம். ஆபரேஷன் நடந்த நாள் முழுவதும் அத்தான் தாழ்வாரத்து பெஞ்சில், காப்பிகூடக் குடிக்காமல், ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்பிச் சில மாதத்தில் அக்கா தானாக மாடி ஏறி மொட்டைமாடியில் துணி உலர்த்தினாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அதன்பின் அத்தான் மாறிவிட்டாரா என்றால், பெரிதாக இல்லை. ஹாரன் கேட்கத்தான் செய்தது. மறுபடி ஒரு பயணம் போக வேண்டுமென்று வருடாவருடம் பேசுவார்கள். அறுவடை வரும், லாரி வராது, கொதிகலன் பழுதாகும். போகவேயில்லை. ஆனால் சாப்பிட வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிழைக்க மாட்டாள் என்று ஊர் நினைத்தவள் இருக்க, அவர்தான் முதலில் போனார்.

இப்போது அக்காவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் வழி பார்த்து, இரண்டு நாளில் மதுரை, கன்னியாகுமரி எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று என்னிடம் காட்டுகிறார்கள். நல்ல சாலை, முடிந்துவிடும்தான். போய்வரச் சொல்கிறேன்.

அத்தான் போய் ஒரு வருடம் ஆனபின் அக்காவிடம் நான் கேட்டேன், இன்னொரு தடவை முட்டம் போய் வருவோமா, அன்றுபோலவே மெதுவாக, எத்தனை நாளானாலும் பரவாயில்லை என்று. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தினாள்.

“வேணாம்டி. அங்குட்டு வந்தா நான் கடலைப் பாக்க மாட்டேன். அந்தப் பாறையையேதான் பாத்துக்கிட்டிருப்பேன், தண்ணி எப்ப வடியும்னு.”