துரைசாணியின் பட்டு கவுன்

யுத்தம் வருவதற்கு முந்திய வருஷங்கள். விழுப்புரத்தில் ஒரு ரயில்வே துரை வீட்டில் என் அம்மா ஆயா வேலை பார்த்தாள். அப்பா இல்லை. அம்மா, அக்கா, நான், மூன்று பேர்தான். துரைசாணி சீமைக்குப் புறப்பட்டபோது, தான் ராத்திரி விருந்துகளுக்குப் போட்டுப்போன பட்டு கவுன் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்படி ஒரு துணியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பாலாடை நிறம். நம் பட்டு விறைத்து நிற்கும். இது கையில் நிற்காது, வழிந்து இறங்கும். தையல் எங்கே என்று தேட வேண்டும். தைத்தவன் தன் பெயரை உள்பக்கம் சின்ன நாடாவில் நெய்து வைத்திருந்தான். முதுகில் மட்டும் இடுப்பு வரை துணியே கிடையாது.

“ஏண்டி, தையக்காரன் பாதியில எழுந்து ஓடிட்டானா?” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

“ஒரே ஒரு வாட்டி போட்டுக்கினு கழட்டிடுறேம்மா,” என்று அக்கா கெஞ்சினாள். அவளுக்குப் பதினாறு வயது.

“முதுவக் காட்டிக்கினு நின்னியானா தோலை உரிச்சிடுவேன்.”

அக்கா தினமும் பெட்டியைத் திறந்து அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இறங்கவேயில்லை. எங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்தது அந்த கவுன். திண்டிவனத்தில் தான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில், அதை மாதாவுக்குச் சாத்துவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். அக்காவிடம் சொன்னபோது, அதை ஒரு தரம் வாங்கிக் கன்னத்தில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அத்தையைத் துணைக்கு வைத்துவிட்டு அம்மாவும் நானும் ரயிலேறினோம்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கவுனை விரித்துப் பார்த்தார். “இது யாரு போட்டது?”

“எங்க தொரசாணிம்மா குடுத்ததுங்க. சீமைப் பட்டுங்க ஐயா.”

“போட்டு அவுத்ததா? புதுத்துணிதாம்மா மாதாவுக்கு ஆவும். எடுத்துக்கினு போ.”

எங்கள் வீட்டுக்கு வந்த துணியெல்லாம் யாரோ உடுத்திக் கழித்ததுதான். அதனால் அம்மாவுக்கு அது தோன்றவே இல்லை. திரும்பி வந்து வீட்டுக்குள் நுழையும்போது, “வாயத் தொறக்காத” என்றாள்.

“சாத்தியாச்சாம்மா?” என்று கேட்டாள் அக்கா.

“சாத்தியாச்சு கண்ணு. மாதாவுக்கு அவ்ளோ அழகா இருந்துச்சு. இனிமே உனக்கு ஒண்ணுமில்ல.”

“முதுவு தெரிஞ்சுதாடி?” என்று என்னைக் கேட்டு லேசாகச் சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தலையணை நனைந்தது. கவுன் அவள் கட்டிலுக்கு அடியில்தான், துணிப்பையில் இருந்தது.

மறுநாள் அம்மா மருந்து வாங்கப் போனாள். அக்காவோடு நான் மட்டும் இருந்தேன். பையை இழுத்து, அதை எடுத்து அவள் மேல் போர்த்தியிருக்கலாம். ஆனால் கவுனைக் கண்டால் நேர்ச்சை நிறைவேறவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பயந்துபோய் அழுதேன்.

“நீயும் அதுமேல ஆசையாத்தான இருந்த, பாவம்,” என்று அக்கா என் தலையைத் தடவினாள்.

அதற்கு மறுநாள் அவள் போய்விட்டாள்.