மூன்று முறை கூப்பிட்டார்களாம்!

காது கேட்காதவர்களின் பெயரை வாசலில் ஆள் விட்டுக் கத்திக் கூப்பிட்டு, ‘வரவில்லை’ என்று எழுதினீர்களே அதிகாரி ஐயா, அது உங்கள் தப்பு. எங்கள் தப்பு இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதுக்கு வருவேன்.

மூன்று வருஷம் முன்பு நடந்தது. திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அரசு அலுவலகம். மாற்றுத்திறனாளிகளுக்கான இளநிலை உதவியாளர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. சின்ன வயதுக் காய்ச்சலில் எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. பேசுவேன், அடுத்தவர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். வயது வரம்பு எனக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் அரசு வேலை கிடையாது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போது, “ரங்கநாதர் பார்த்துக்குவார்” என்றாள் அம்மா. “அவர் படுத்திருக்கார். நான்தான் ஓடணும்” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

யாருக்கு எந்த அறை என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே கண் தெரியாத ஓர் இளைஞர், போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் நிற்கவில்லை. நான் போய் அவர் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். “இப்ப சொல்லுங்க தம்பி. எனக்குக் காது கேட்காது, உதட்டைப் பார்க்கணும்.”

“மெதுவாக்கா, சட்டை இப்பதான் இஸ்திரி போட்டது” என்றார்.

அறை எண்ணைப் படித்துச் சொன்னேன். என் பெயரைக் கேட்டார், சொன்னேன்.

அவருக்குக் காலையிலேயே வேலை முடிந்துவிட்டது; ஊருக்குப் பஸ் சாயங்காலம்தான் என்று எங்கள் வரிசையின் கடைசியிலேயே உட்கார்ந்துவிட்டார். காது கேட்காத எங்கள் முறை சாப்பாட்டுக்குப் பிறகு. பஸ் ஸ்டாண்டில் போடுவார்களே, வரிசையாகச் சேர்த்த இரும்பு நாற்காலி, அதில் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தோம். எங்கள் பக்கம் செம அரட்டை. எல்லாம் கையால்தான்.

பின்னால் நடந்தது அந்தத் தம்பி சொல்லித்தான் தெரியும். பியூன் கதவைத் திறந்து ஒவ்வொரு பெயராக மும்மூன்று தடவை கூப்பிட்டாராம். பதில் இல்லை. “இன்னும் சத்தமா கூப்பிடுய்யா” என்று உள்ளேயிருந்து நீங்கள் சொன்னீர்களாம். அவரும் “சத்திரம், சத்திரம்” என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஏற்றுகிற கண்டக்டர் மாதிரி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கட்டடத்தில் எங்களைத் தவிர எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. முதல் இரண்டு பெயரைத் தம்பி கவனிக்கவில்லை. என் பெயர் மூன்றாவது தடவையாக வந்தபோதுதான் பொறி தட்டி, எழுந்து, கையிலிருந்த கோலால் இரும்பு நாற்காலியில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

அத்தனை நாற்காலியும் அதிர்ந்தது. நாங்கள் எல்லாரும் ஒன்றாகத் துள்ளி எழுந்தோம். ஒருத்தர் மடியிலிருந்த புளியோதரை தரையில். “அக்கா, உங்க பேரு! மூணாவது தடவை! ஓடுங்க!” என்றார் தம்பி. ஓடினேன்.

பேனாவும் கையுமாக இருந்த நீங்கள், “மூணு தடவை கூப்பிட்டோம். ஏன் வரலைன்னு எழுதிக் கொடுங்க” என்றீர்கள். எழுதினேன்: ‘காது கேட்கவில்லை. அதற்கான சான்றிதழைத்தான் நீங்கள் இப்போது சரிபார்க்கப் போகிறீர்கள்.’

படித்தீர்கள். மறுபடி படித்தீர்கள். பின்னாலிருந்து எட்டிப் படித்த பியூன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நீங்கள் விடவில்லை. “நான் பேசறது மட்டும் எப்படிப் புரியுது?” என்று சந்தேகப்பட்டீர்கள்.

“உங்களுக்கு மீசை இல்லை சார். உதடு நல்லா தெரியுது” என்றேன்.

வேலை கிடைத்தது. இப்போது புத்தூரில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் இரண்டு பேருக்கு ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டீர்கள். அதில் ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த மணப்பாறைப் பெண். அவளுக்காகவும் கெஞ்சினேன். “எழுதினது எழுதினதுதான்” என்றீர்கள். அதையும் உங்கள் உதட்டில்தான் படித்தேன். அவளுக்கு அதைக் கையால் சொன்னவள் நான். அந்தக் கனம் இன்னும் என் கையிலேயே இருக்கிறது.

என் மேஜைக்கு வருகிற யாரையும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிடுவதில்லை. எழுந்து போய் எதிரில் நிற்கிறேன். எனக்கு முடிகிறது, உங்களுக்கு ஏன் முடியவில்லை? வந்தவளை வரவில்லை என்று எப்படி எழுதினீர்கள்? இந்தக் கடிதம் வருகிற இதே பத்திரிகையில், எல்லாரும் பார்க்கப் பதில் எழுதுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டாம் ஐயா. அச்சில் வந்தால் போதும், நாங்கள் படித்துக்கொள்வோம்.