மருத்துவ மாணவர்கள் வரிசையில் ஸுனில்டா

பராகுவேயின் எங்கார்னசியோன் நகரத்தில் என்னோடு பல் மருத்துவம் படித்தவள் ஸுனில்டா ஓவெலார். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். யாராவது அவளிடம் முடியாது என்று சொல்லிவிட்டால் போதும், அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள்.

மூன்றாம் ஆண்டில் நோயியல் பாடத்தை மருத்துவ மாணவர்களோடு சேர்ந்துதான் கேட்போம். பேராசிரியர் ரோலோன்தான் எல்லோருக்கும். செய்முறைத் தேர்வு மட்டும் வேறு. அவர்களுக்கு உடம்பு முழுவதிலிருந்தும் இருபது ஸ்லைடுகள்; எங்களுக்கு வாய்க்குள்ளிருந்து ஐந்து. நாங்கள் அதை அதிர்ஷ்டம் என்றே நினைத்தோம்.

தேர்வு நாளில் ஸுனில்டா எங்கள் மேஜையைத் தாண்டிப்போய் மருத்துவ மாணவர்களின் வரிசையில் உட்கார்ந்தாள்.

"ஓவெலார், உங்க இடம் அங்க," என்றார் ரோலோன்.

"இங்கயே எழுதறேன் டாக்டர்."

"பல்லு புடுங்கறதுக்குச் சிறுநீரகம் எதுக்கும்மா?"

மருத்துவ மாணவர்கள் சிரித்தார்கள்.

"பல்லு புடுங்க வர்றவங்க சிறுநீரகத்தை வீட்ல வெச்சிட்டா வருவாங்க?"

இப்போது நாங்கள் சிரித்தோம். ரோலோனின் முகம் கடுத்தது.

"எழுதுங்க. தவறினா தவறினதுதான். அந்த அஞ்சுக்குத் திரும்பிப் போக முடியாது. வருஷம் போயிடும்."

"போகட்டும்."

"பைத்தியமே, எந்திரிச்சு வாடி!" என்று கிசுகிசுத்தேன். அவள் திரும்பவில்லை.

மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு மைக்ராஸ்கோப்பாக நகர்ந்தாள். நுரையீரலில் காசநோயைக் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு நிறையத் தடுமாறினாள். தேறவில்லை.

முடிவு வந்த அன்று ரோலோன் அவள் தாளை வகுப்பில் தூக்கிக் காட்டினார். "சிறுநீரகத்தைப் பாத்துட்டுத் தைராய்டுன்னு எழுதியிருக்காங்க நம்ம ஓவெலார்!"

சிரிப்பில் அறையே அதிர்ந்தது. ஸுனில்டா எழுந்தாள். காது மடல்கள் சிவந்திருந்தன.

"தப்புதான் டாக்டர். ரொம்ப நாளா நோய் புடிச்சுக் கெடக்கற சிறுநீரகம் பாக்கறதுக்குத் தைராய்டு மாதிரியே இருக்கும்னு அப்புறம்தான் படிச்சேன். எங்களுக்கு யாரும் அதைக் காட்டினதே இல்ல. இந்த வருஷம் காட்டுங்க. மறுபடி எழுதறேன்."

"அத்தனை பேருக்கு மைக்ராஸ்கோப் ஏது?"

"டாக்டருக்குப் படிக்கறவங்க சாப்பிடப் போற நேரத்துல சும்மாதானே கெடக்கு?"

அன்றிலிருந்து ரோலோன் மதிய நேரத்தில் ஆய்வகத்தைப் பூட்டுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் நான்காம் ஆண்டுக்குப் போனோம். அவள் அந்த வெக்கையில் ஒற்றை ஆளாக மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்துகிடந்தாள். பிறகு அவளுடைய புது வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

"அந்த அஞ்சை எழுதியிருந்தா இப்ப எங்களோட இருந்திருப்பே. வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குடி. அழுதும் பாத்துட்டேன். அதுக்காக அரைப் பரீட்சைக்குப் போய் உக்காருவேனா?"

அடுத்த தேர்வில் அந்தப் பிள்ளைகளில் பதினோரு பேர் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். ரோலோன் தானே பல் மாணவர்களின் தனி மேஜையை இழுத்து வரிசையோடு சேர்த்துப் போட்டார். ஸுனில்டா தட்டுத்தடுமாறித் தேறினாள். மற்றவர்களில் நான்கு பேர் தவறினார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வுதான்.

இப்போது அவள் அங்கேயே தேர்வாளர். போன மாதம் நானும் அவளும் ஆய்வக வாசலில் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானத்தைக் குடித்துக்கொண்டிருந்தோம். தேர்வு முடிந்து வெளியே வந்த ஒரு பல் மாணவி, யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வெடித்தாள்: "எந்த மகராசிடி எங்க தலையில ஒடம்பு பூராவையும் கட்டினது?"

"நான்தான்," என்றாள் ஸுனில்டா. "நல்லாத் திட்டிக்கோ. ஆனா குறைக்க மாட்டேன்."