அடுக்களை வாசலில் செவலை

நேற்று மகள் பெங்களூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவள் வளர்க்கும் இரண்டு பூனைகளும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. கீழே ஒரு வரி: ‘அம்மா, இது விளையாட்டா, சண்டையா?’ நான் யோசிக்கவே இல்லை. ‘மாறி மாறிக் கீழே விழுந்தால் விளையாட்டு’ என்று அனுப்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அது என் வார்த்தை இல்லை, மதினியின் வார்த்தை. அதோடு எனக்கு வேலை ஓடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வளவு, ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள், எல்லாம் மில் குடும்பங்கள். அப்பாவுக்குப் பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். காலையில் மில் சங்கு ஊதியதும் தலையெல்லாம் பஞ்சோடு சைக்கிளில் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தார் என்றால் வீட்டில் மூச்சு விடக்கூடாது. பாத்திரங்களைத் துணிமேல் வைப்போம். தும்மல் வந்தால் புறவாசலுக்கு ஓட்டம். பிளஸ் டூ முடித்துத் தையல் பழகிக்கொண்டிருந்த நான், மெஷினைச் சாயங்காலம்தான் மிதிக்கலாம். இன்றைக்கும் போனில் குசுகுசுவென்று பேசுகிறேன் என்று மகள் கேலி செய்வாள். என்ன செய்ய, வளர்ந்த வீடு அப்படி.

அந்த வீட்டுக்குத்தான் அண்ணனைக் கட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து மதினி வந்தாள், கையில் மூடி போட்ட ஒரு கூடையோடு. உள்ளே நெற்றியில் கறுப்புப் புள்ளி வைத்த வெள்ளைக் குட்டி. பொட்டு என்று பெயர்.

“என்ன வே, சீரோட பூனையும் வந்திருக்கு!” என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தார் அடுத்த வீட்டு அண்ணாச்சி. மதினியும் சிரித்தாள். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: “இது கூட இருந்தா எங்க வீட்டுல இருக்க மாதிரி இருக்கும்.”

எங்கள் வீட்டில் ஏற்கெனவே செவலை இருந்தது. பெரிய கடுவன் பூனை, அம்மாவின் செல்லம். முதல் இரண்டு நாள் முறைத்தது. பிறகு ஆரம்பித்தது கூத்து. பொட்டு கட்டிலடியிலிருந்து பாய்ந்து செவலையின் கழுத்தைக் கட்டும். செவலை மல்லாந்து விழுந்து பின்னங்காலால் உதைக்கும். அப்புறம் பொட்டு மல்லாக்க, செவலை மேலே. ஓட்டத்தில் செம்பு உருளும், அரிசி புடைக்கும் சொளகு தொம்மென்று விழும்.

“ஏட்டி, அந்தச் சனியன்களப் பிரிச்சு விடு. அப்பா தூங்குதாவள்லா!” அம்மா என்னைத்தான் விரட்டுவாள். நான் போவதற்குள் அவளே ஒரு கை தண்ணீரை அள்ளி வீசிவிடுவாள். கட்டிப் புரளும்போதெல்லாம் தண்ணீர். கொஞ்ச நாளில் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதையே விட்டுவிட்டன. வீடு பழையபடி அமைதியானது. “இப்பம் ரெண்டும் ராசியாயிட்டு” என்றாள் அம்மா பெருமையாக.

ராசியாவது! செவலை அடுக்களை வாசற்படியில் போய் உட்கார ஆரம்பித்தது. சீறவில்லை, கத்தவில்லை. பொட்டையே பார்த்தபடி, வால் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பால்சோற்றுத் தட்டும் புறவாசலும் அந்தப் படிக்கு அந்தப் பக்கம். பொட்டு கட்டிலடியை விட்டு வராது. மெலிந்து விலா எலும்பு தெரிந்தது.

“அத்தை, அது சாப்பிடவே போமாட்டுக்கு. செவல வழிய மறிக்கு.”

“சத்தமே இல்லையே, பொறவு என்ன சண்டை?”

“முன்னால போட்டதுதான் விளையாட்டு அத்தை. மாறி மாறிக் கீழ விழுந்துச்சுல்லா. இப்பந்தான் சண்டை. இதுக்கு மட்டும் ரூம்புல தனியா ஒரு தட்டு வைக்கட்டுமா?”

“பூனைக்குத் தனிப் பந்தியாக்கும்!”

இதெல்லாம் நடந்தது குசுகுசுப்பில்தான். அம்மா அந்தப் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தினமும் மத்தியானம் அவளுக்கு அதுதான் இடம். பசித்த மதினி கூடத்துச் சுவரோரம் நிற்பாள், அம்மா எழுந்து வழிவிடும்வரை. ‘கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அத்தை’ என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

புறவாசலுக்குப் போக வழியில்லாமல் ஒருநாள் பொட்டு அரிசிச் சாக்கிலேயே மோண்டுவிட்டது. அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “உங்க வீட்டுலயே கொண்டு விட்டுரு.” மதினி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் உதட்டில் விரல் வைத்து அப்பா படுத்திருந்த பக்கம் கண்ணைக் காட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அவள் எது கேட்டாலும் அவன் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

மதினி அதே கூடையை எடுத்தாள். “நான் போயிட்டு வாரேன்” என்றாள், யாரிடம் என்று இல்லாமல். வளவு வாசலைத் தாண்டுகையில் கூடைக்குள்ளிருந்து பொட்டு வீறிட்டுக் கத்தியது. பஸ் நிறுத்தம்வரை அந்தச் சத்தம் கேட்டது. அப்பா விழித்துக்கொண்டார்.

“என்னளா சத்தம்?”

“ஒண்ணுமில்ல, பூனதான். நீங்க தூங்குங்க” என்றாள் அம்மா.

மதினி திரும்பி வரவில்லை. அண்ணன் இரண்டு தடவை அம்பாசமுத்திரம் போய்த் தனியாகவே திரும்பினான். செவலை கொஞ்ச நாள் அதே படியில் உட்கார்ந்து காலிக் கட்டிலடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதையும் காணோம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வளவை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். போன வருஷம் பட்டப்பகலில் அந்த வழியாகப் போனேன். கடைகளில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் அதட்டவில்லை.

மகளைப் போனில் கூப்பிட்டு, தட்டை இரண்டு அறையில் வை, வாசலை எது மறிக்கிறது என்று பார் என்றேன். “ஏம்மா இவ்வளவு மெதுவாப் பேசுத?” என்றாள். நான் வளர்ந்த அந்த வீட்டில் ஒருத்தர்கூடச் சத்தம் போட்டுச் சண்டை போட்டதில்லை. மதினியாவது போட்டிருக்கலாம்.