சுவரில் வைத்த சித்தப்பா

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். சித்தப்பாவை எரித்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று மட்டும் அவர் சத்தமே போடவில்லை. வீட்டில் எல்லோரும் பயந்தது அதனால்தான்.

சித்தப்பா கனடாவில் மாரடைப்பில் போய்விட்டார். அவரே எப்போதோ சொல்லிவைத்தபடி சித்தி அங்கேயே எரித்து, சாம்பலை ஒரு ஜாடியில் வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். எங்கள் குடும்பத்தில் அதுவரை எரிந்தவர் யாருமில்லை. எல்லோரும் ஒழுங்காக மண்ணுக்குள் படுத்தவர்கள். "எரிச்ச உடம்பு கடைசி நாள்ல எப்பிடிடா எழுந்திருக்கும்?" என்று அப்பாவிடம் கேட்ட பெரியப்பா, சித்தியோடு பேசுவதை அன்றே நிறுத்திவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கிறிஸ்துமஸ் எங்களுக்குப் பெரியப்பா வீட்டில்தான். சண்டை நீண்டால் அவர்கள் வீட்டில் பொரிக்கிற இனிப்புக் கல்கலும் இல்லை, பலகாரத் தட்டும் இல்லை, அக்காக்களோடு விளையாட்டும் இல்லை. உயிர்த்தெழுதலைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

தாத்தாவை அடக்கம் செய்து கொஞ்ச காலமே ஆகியிருந்ததால் குடும்பக் கல்லறையை இப்போது திறக்க முடியாது என்று சபைக் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கல்லறைத் தோட்டத்தில், மாடம் மாடமாக இடம் விட்டு ஒரு புதுச் சுவர் எழும்பியிருந்தது. சாம்பல் ஜாடிகளை வைப்பதற்காம். பாஸ்டர் அதைக் 'கொலம்பேரியம்' என்றார். ஒருவர் வாயிலும் நுழையவில்லை. லத்தீனில் புறா வீடு என்று அர்த்தம், புறாக்கூடு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று அவர் விளக்கியது வினையாயிற்று. "என் தம்பி என்ன புறாவா?" என்று பெரியப்பா எழுந்து போய்விட்டார். சபையார் அதை முதலில் லாக்கர் என்றார்கள், பிறகு வெறுமனே செவரு என்றார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கம் "அவர செவத்துல வெச்சிருக்காங்க" என்றால் போதும்.

ஜாடியை வைக்கிற நாளில் பெரியப்பா வரமாட்டார் என்றே நினைத்தோம். பாதி ஜெபத்தில் வந்து கடைசியில் நின்றார். ஜாடி மாடத்துக்குள் போனது. அதற்குப் பிறகுதான் சங்கடம். அடக்கம் என்றால் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு நகர்வோம். இங்கே குழியும் இல்லை, தோண்டிய மண்ணும் இல்லை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் நின்றோம். கொத்தனார் மூடுகல்லோடு காத்திருந்தார்.

பெரியப்பா குனிந்து, செடியோரத்தில் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஹாக்பேடி சார், கல்லு கூரல்ல" என்று கன்னடத்தில் தடுத்தார் கொத்தனார். மண் சிந்தினால் கல் சரியாக உட்காராதாம்.

"ஸ்வல்பப்பா" என்றார் பெரியப்பா, கொஞ்சம்தானே என்று. அவர் யாரிடமும் கெஞ்சி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஜாடியைச் சுற்றி மண்ணைத் தூவினார். இன்னொரு பிடி அள்ளிச் சித்தியிடம் நீட்டினார்.

"நீயும் போடும்மா."

சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கிறிஸ்துமஸ் பிழைத்தது. நாங்களும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டோம். கொத்தனார் முணுமுணுத்தபடி விளிம்பைத் துடைத்து, கல்லை வைத்துப் பூசினார்.

எல்லோரும் வாசலுக்கு வந்தபிறகும் பெரியப்பாவைக் காணோம். கூப்பிட்டுவர என்னை அனுப்பினார்கள். அவர் பக்கத்து மாடத்துக்குள் கையை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாருக்காச்சும் சொல்லி வெச்சிருக்காங்களா?" என்று கூட நின்ற பாஸ்டரிடம் கேட்டார். இல்லை என்றதும், "அப்போ என் பேரப் போட்டு வைங்க" என்றார்.

எனக்கோ வேனில் ஜன்னலோர சீட் போய்விடுமே என்ற அவசரம். எரிந்தவர் எழுந்திருக்க முடியாது என்று அன்றைக்கும் நம்பிக்கொண்டிருந்த மனிதர் தன் பெயரை எதற்காக அங்கே போடச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.