ஜாயிண்ட் போட்டோவில் சித்தி

என் அலமாரியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பா பட்டாளத்து விறைப்போடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தியோ முகத்தைத் திருப்பி அப்பாவைப் பார்க்கிறாள். ராணுவ ஓய்வூதியத்துக்கான ஜாயிண்ட் போட்டோவில் புருஷனும் பெண்டாட்டியும் நேராகப் பார்த்தாக வேண்டும். அதனால் இது செல்லாது என்று ஒதுக்கிய படம். செல்லுபடியான படம் எந்தக் கோப்பில் கிடக்கிறதோ, எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

சித்தி என்றால் என்னைப் பெற்றவளின் கூடப் பிறந்த தங்கை. நான் நடை பழகிய வயதில், பிள்ளைப்பாக்கத்து வீட்டில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். லீவில் வந்த அப்பாவுக்கு, அந்த லீவு முடிவதற்குள் பெரியவர்கள் கூடிப் பேசித் தங்கையையே கட்டிவைத்தார்கள். குழந்தை அந்நியக் கையில் வளரக் கூடாதாம். தங்கைக்குச் சம்மதமா என்று கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை போலிருக்கிறது. குன்றத்தூர் மலைக் கோயிலில் தாலி ஏறியது. மேளமும் இல்லை, போட்டோவும் இல்லை.

யூனிட்டுக்குத் திரும்பிய அப்பா, புது மனைவியின் பெயரையும் விவரங்களையும் எழுதிக் கொடுத்தார். அம்மா இறந்ததை எழுத மட்டும் அவருக்குக் கை வரவில்லை. அங்கிருந்த குமாஸ்தா பார்த்தார். அதே மாமனார், அதே ஊர், அதே வீடு. ஒருத்தியைப் பற்றியே இரண்டாம் முறை எழுதியிருக்கிறான், புதுப் பெயர் வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவது என்று முடிவு கட்டி, பிறந்த தேதியை மட்டும் மாற்றிவிட்டார். அம்மாவின் பெயரும் சித்தியின் வயதுமாக ஒரு பெண் ராணுவப் பதிவேட்டில் குடியேறினாள். அப்பாவின் கண்ணில் அது பட்டது. பட்டும் சும்மா இருந்துவிட்டார்.

பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்து வடக்கே போனோம். ராணுவம் கொடுத்த அடையாள அட்டையில் அக்கா பெயர் இருந்ததால் சித்தி அங்கே அக்காவாகவே வாழ்ந்தாள். ரேஷன் வரிசையிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். வெளியாட்கள் முன்னால் அப்பாவும் அப்படியே கூப்பிட்டார். வீட்டுக்குள் வந்தால் ‘இந்தா’தான். எங்கே கூப்பிட்டாலும் சித்தி கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்புவாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரம்மா இவளுக்குக் காது மந்தம் என்றே நம்பி, கிட்டே வந்து கத்திப் பேசுவாள். சித்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நான் ஒரு தடவை ‘அம்மா’ என்று கூப்பிட்டபோது மட்டும் சிரிக்கவில்லை. “அது எங்கக்காவுக்கு. நான் சித்தி,” என்றாள். அந்த ஒரு சொல்லை எனக்குக் கடைசிவரை தரவேயில்லை.

ஓய்வு பெற்று வந்த அப்பா, ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் ஷிப்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்து வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்டாள்: “நாளைக்கு உனுக்கு ஒண்ணுன்னா, அந்தக் காகிதத்துல நான் யாரு?” அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஆனாலும் விடாமல் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர்தான். “இன்னாத்துக்கும்மா அலையறீங்க? ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட எழுதி வாங்கிக்கினு வாங்க, முடிஞ்சுது. செத்தவங்களப் பதியணும்னா தாலுகா ஆபீஸ், விசாரணை, இவருதான் வந்து வாக்குமூலம் குடுக்கணும்,” என்றார். அப்பாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அம்மாவைச் சாகடிக்காமலே வேலை முடிந்துவிடும். எனக்கும் உள்ளூர அதுதான் பிடித்திருந்தது. சித்தி தன் பெயருக்காக அம்மாவை அழிக்கப் பார்க்கிறாள் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது.

“வேணாம் சார்,” என்றாள் சித்தி. “அவ வேற, நான் வேற. இத்தினி வருசமா அவ பேருக்குத் திரும்பிப் பாத்துகினு கீறேன். அது என்னோட போவட்டும். ஒரே ஆளுன்னு எழுதினா இந்தப் பொண்ண யாரு பெத்தது? எங்கக்கான்னு ஒருத்தி பொறக்கவே இல்லன்னு ஆயிடாதா?”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

தாலுகா அலுவலகத்துக்குப் பல தடவை நடந்தோம். கடைசியில் அதிகாரி முன்னால் அப்பா நின்று, “என் சம்சாரம் எறந்துட்டா,” என்று சொன்னார். அவ்வளவு வருஷத்தில் அவர் வாயால் அதை நான் கேட்டது அன்றுதான். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவருக்குச் சித்தி பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழ் என்னிடம்தான் இருக்கிறது. அவள் பெயர் அவளுக்காகவே எழுதப்பட்ட ஒரே காகிதம் அது. அவளுக்காகச் சண்டை போட்டு வாங்கித் தந்தவள் அவள் தங்கை.

அதற்கு அப்புறம்தான் ஸ்டுடியோ. அவர்கள் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் முதல் படம். சித்தி பவுடர் பூசி, மல்லிகை வைத்திருந்தாள். “கிட்ட ஒக்காரும்மா,” என்று போட்டோக்காரர் சொல்லச் சொல்ல, நாற்காலி நுனியிலேயே இருந்தாள். படத்தைப் போட்டுத் தரும் உறையில் எழுதிக்கொள்ள அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்தே கேட்டார். “அம்மா பேரு இன்னா சார்?”

அப்பா சித்தியின் பெயரைச் சொன்னார். மெல்ல அல்ல, பரேட் மைதானத்தில் சொல்வதுபோல் முழுசாக, உரக்க.

எப்போதும் தாமதமாகத் திரும்புகிறவள் அந்தக் கணமே திரும்பினாள். விளக்கு பளிச்சிட்டது. “இங்க பாரும்மா, ஒண்ணு வேஸ்டாப் போச்சு,” என்று போட்டோக்காரர் முணுமுணுத்தார்.

அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. அப்பா போன பிறகு சித்தி தன் சொந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுப் பென்ஷன் வாங்கினாள். இப்போது அவளும் இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது அலமாரியைத் திறந்து, அவள் எனக்குத் தராத அந்தச் சொல்லால் அவளைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அம்மா. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, அம்மா. அவள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.